மாநில உரிமமா, டக் ஸ்டாம்ப்பா?
வேட்டைக்காரர் கட்டும் பணம் இயற்கைப் பாதுகாப்புக்குப் போய்ச்சேர இந்த இரண்டில் எது நல்ல வழி? அமெரிக்காவில் ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப் பறவை) சுட மாநில அனுமதிகளே போதும். காட்டு வாத்து என்றால் 16 வயது நிரம்பியவர்கள் 25 டாலருக்கு மத்திய அரசின் டக் ஸ்டாம்ப்பும் (வாத்து வேட்டைக்கான முத்திரை) வாங்கியாக வேண்டும். உரிமக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வெளிமாநிலத்தவர் என்றால் தீட்டிவிடுவார்கள். சரி, அந்த உரிமப் பணத்தை மாநிலம் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியுமா? முடியாது, வனவிலங்குத் துறையை விட்டு வேறு துறைக்குத் திருப்பினால் 1937 சட்டப்படி துப்பாக்கி, தோட்டா வரியிலிருந்து மாநிலத்துக்கு வரும் மத்திய நிதிக்கே ஆபத்து, அந்த நிதியின் பெரும்பங்கையும் பரப்பளவோடு உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள், அதாவது வேட்டைக்காரர் குறைந்தால் உரிமக் கட்டணம், மத்திய நிதி என இரண்டு பக்கமும் அடி.

ஸ்டாம்ப் கணக்கு எளிது. 1934இல் 1 டாலரில் தொடங்கியது, இன்று ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களுக்கு. துப்பாக்கியே தொடாத பறவை ரசிகர்களும் வாங்கலாம் (ஓவியமும் அழகு!). என் ஓட்டு இதற்குத்தான்.