ஈரத்தோட அறுக்கிறதா, வயல்லயே காய விடுறதா?

ஸ்காட்லாந்துல பார்லி அறுப்பு ஆகஸ்ட், செப்டம்பர்லதான், மழையும் கரெக்டா அப்பதான் வந்து நிக்கும். 20% ஈரத்துலயே அறுத்தா டிரையர்ல போடணும், எரிபொருள் செலவு எகிறும், சூடு ஓவரா போச்சுன்னா மணிக்குள்ள இருக்கிற கரு செத்து முளைக்காம போயிடும், அப்புறம் மாட்டுத் தீவனம்தான்.

வயல்லயே 15% வரைக்கும் காய விட்டா காசு மிச்சம். ஆனா நடுவுல நாலு நாள் மழை பிடிச்சா கதிர்லயே முளைச்சிடும், மணியைத் திருப்பிப் பாத்தா அடியில வெள்ளையா வேர் நுனி எட்டிப் பாக்கும். மால்ட் போடுறவங்க, அதாவது பீர், விஸ்கிக்காக பார்லிய முளைக்க வச்சு காய வைக்கிறவங்க, 98% முளைக்கணும்னு கேப்பாங்க, ஏற்கனவே முளைச்சது திரும்ப எங்க ஒழுங்கா முளைக்கிறது? நனைஞ்சு நனைஞ்சு காஞ்சா உமி வேற உரியும். ஃபியூசேரியம் பூஞ்சை ஏறிடுச்சுன்னா பீர் பாட்டிலத் திறந்ததும் பொங்கி வழியும், சோடாவ குலுக்கித் திறந்த மாதிரி.

என்னைக் கேட்டா டிரையர் இருக்கறவங்க ஈரத்தோடயே அறுத்துடலாம், ஆனா குவிச்சு வச்சுட்டு தூங்கிடாதீங்க, ராத்திரிக்குள்ள சூடேறிடும்.