சான்றிதழ்மேல் கட்டைவிரல் வைத்துப் படம் போடுகிற ஆளிடம் துப்பாக்கி வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் இருந்துகொண்டு போர்க்காலத் துப்பாக்கி சேகரிக்கிற நம்மாட்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். சுட முடியாதபடி செயலிழக்கச் செய்தவற்றைத்தான் சொல்கிறேன், வட்டாரத்தில் சுருக்கமாக 'டீஆக்ட்'. எனக்குப் போனது 780 பவுண்டு. காசைவிட, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவன் என்று என்மேல் கேஸ் பாய்ந்திருக்கும், அதுதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

எனக்கு வேண்டியிருந்தது இஷாப்பூரில் செய்த லீ-என்ஃபீல்டு ரைஃபிள் ஒன்று, நம்பர் 1 மார்க் 3 ஸ்டார் என்கிற மாடல். தாத்தா ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், பர்மா போய் வந்தவர். ஊர் வீட்டுக் கூடத்தில் அவர் அந்தத் துப்பாக்கியோடு நிற்கிற படம் ஒன்று இன்னும் தொங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் நம்பர் 4-க்கு மாறிவிட்டபோதும் கல்கத்தா பக்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை பழைய நம்பர் 1-ஐயே செய்துகொண்டிருந்தது. அவற்றின் பட் சாக்கெட்டில், அதாவது கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தில் வலது பக்கமாக, கிரீடம், ஜி.ஆர்.ஐ. என்று ஜார்ஜ் மன்னரின் எழுத்து, இஷாப்பூர், ஆண்டு என்று வரிசையாக அடித்திருப்பார்கள். 1942 என்று போட்ட ஒன்று கிடைக்காதா என்று இரண்டு வருடம் தேடினேன். "இரும்புக்கா இவ்வளவு காசு" என்று வீட்டுக்காரி கேட்டதை அப்போது காதில் வாங்கவில்லை.

கிடைத்தது. விளம்பரத்தில் 1942, எல்லா நம்பரும் பொருந்துகிறது, 'பழைய ஸ்பெக்', 1994-ம் வருடச் சான்றிதழோடு என்று இருந்தது. பழைய ஸ்பெக் என்றால் சேகரிப்பவர்களுக்கு வாயில் தண்ணீர் ஊறும். 1995-க்கு முன் செயலிழக்கச் செய்தவற்றில் போல்ட்டை, அதாவது குண்டு ஏற்றக் கைப்பிடி பிடித்து இழுக்கிற இரும்பை, இழுக்கலாம், டிரிகர் அழுத்தினால் டிக் என்று சத்தம் வரும். 2016 ஏப்ரலில் வந்த ஐரோப்பிய விதிப்படி செய்தவற்றில் எல்லாவற்றுக்கும் வெல்டு வைத்து, அசையாத இரும்புத் துண்டாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் பழையதற்கு மவுசு. அதனால்தான் ஏமாற்றுகிறவனும் அந்தப் பக்கமே வருகிறான்.

விற்கிறவர் படங்கள் பதினொன்று போட்டிருந்தார். சான்றிதழ் படத்தில் மட்டும் சீரியல் நம்பர் இருக்கிற இடத்தில் ஒரு கட்டைவிரல், அடிபட்டுப் பாதி கறுத்துப்போன நகம். கேட்டேன். "நம்பரைக் காட்டினால் எவனாவது போலிச் சான்றிதழ் அடித்துவிடுவான், நேரில் வந்து பாருங்கள்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது! பொறுப்பான மனிதர் என்றுகூட நினைத்தேன். 200 பவுண்டு வங்கி வழியாக முன்பணம், மீதி ரொக்கம். கிரெடிட் கார்டு எடுக்க மாட்டாராம், தான் வியாபாரி இல்லை, தனி ஆள் என்றார். அந்தத் 'தனி ஆளின்' பக்கத்தில் அப்போதே நாற்பது பொருள் விற்பனைக்கு இருந்தது. கார்டு வாங்குகிற ஒரு பதிவுபெற்ற டீலரிடம் போயிருந்தால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான பொருளுக்கு 1974-ம் வருடக் கடன் சட்டம் 75-ம் பிரிவின்படி கார்டு கம்பெனியிடமே பணத்தைக் கேட்டிருக்கலாம். ரொக்கத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு போர்ப்பொருள் சந்தைக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், தூறலில் கைமாறியது. உறையைப் பிரித்துப் பார்த்தேன், சான்றிதழ் இருந்தது, முத்திரை இருந்தது. நம்பரை ஒப்பிடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், கையில் தாத்தாவின் துப்பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் விளக்கைக் கிட்டே வைத்துப் பார்த்தால், சான்றிதழில் ஒரு நம்பர், ரிசீவரில், அதாவது போல்ட் ஓடுகிற உடல்பாகத்தில், வேறு நம்பர், போல்ட் கைப்பிடியில் மூன்றாவது ஒன்று. போல்ட் மாறியிருப்பது பெரிய விஷயமில்லை, ராணுவப் பட்டறைகளில் சகஜமாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சான்றிதழ் நம்பர் ரிசீவரோடு பொருந்தவில்லை என்றால் அது வேறொரு துப்பாக்கியின் காகிதம். காலையில் எங்கள் பக்கத்துப் பதிவுபெற்ற டீலர் ஒருவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் முதல் வார்த்தையே, "அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடாதே, நான் வருகிறேன்."

வந்தார், பெரியவர், எழுபது வயதிருக்கும். பட் சாக்கெட்டை விரலால் தடவினார், என் விரலையும் பிடித்துத் தடவ வைத்தார். லேசாகக் குழிந்திருந்தது. பழைய எழுத்தை கிரைண்டரால் எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். 1942-ல் அந்த 4 ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அதற்குப் பிறகு எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. முன்கட்டையைக் கழற்றினால் குழலில் அசோகச் சிங்கம், அதாவது சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முத்திரை. "குழலைப் பின்னால் மாற்றியிருக்கலாம், அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது" என்றார் நேர்மையாக. பிறகு முகம் மாறியது. குழலிலும் சரி ரிசீவரிலும் சரி, ப்ரூஃப் ஹவுஸ் முத்திரையே இல்லை. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உள்ள இரண்டு ப்ரூஃப் ஹவுஸ்களில் ஒன்று பரிசோதித்து முத்திரை அடித்துச் சான்றிதழும் கொடுத்தால்தான் இங்கே அது சட்டப்படி செயலிழந்ததாகக் கொள்ளப்படும். என்னுடையதில் யாரோ கராஜில் வைத்துக் குழலை அறுத்து வெல்டு வைத்திருக்கிறான். நான் இருப்பது பர்மிங்ஹாமில். 1813-லிருந்து இங்கேயே இருக்கிற ப்ரூஃப் ஹவுஸைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், சிரிக்காமல் என்ன செய்வது.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அசல் பழைய ஸ்பெக்காகவே இருந்தாலும் வீட்டில் வைத்திருக்கலாம்; ஆனால் புது விதிப்படி மறுபடி செயலிழக்கச் செய்து சான்றிதழ் வாங்காமல் விற்பதும் பரிசாகக் கொடுப்பதும் 2017 முதல் குற்றம். அதாவது அந்த விளம்பரமே குற்றம். 2019 டிசம்பரிலிருந்து கைமாற்றினால் உள்துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அந்த ஆள் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியவர் அதைத் தன் பதிவேட்டில் ஏற்றி எடுத்துப்போய், போலீஸுக்கும் தகவல் சொன்னார். இரண்டு பேர் வந்தார்கள், வாக்குமூலம் வாங்கினார்கள். வங்கி ரசீது, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருந்ததால் மரியாதையாகவே நடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இப்போது என்னைப் பார்த்தால் சீக்கிரம் கதவைச் சாத்துகிறார். துப்பாக்கி பரிசோதனைக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. விற்றவர் எண் அன்றே அணைந்துவிட்டது.

போன வாரம் வேறொரு பெயரில் ஸ்டென் துப்பாக்கி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பழைய ஸ்பெக், சான்றிதழ் உண்டு, நேரில் வந்து பார்க்கலாம். படத்தில் நம்பர்மேல் அதே கட்டைவிரல். நகம் பாதி வளர்ந்து கறுப்பு மேலே ஏறியிருக்கிறது.