லினக்ஸ் மிண்ட்ல ஹ்யூகோ: மூணு வருஷமா ஓட்டுறவன் சொல்றேன்

ஹ்யூகோங்கிறது நாம எழுதுற பதிவை எல்லாம் வெப்சைட் பக்கமா ஆக்கித் தர்ற சாஃப்ட்வேர். அதை இன்ஸ்டால் பண்றது அஞ்சு நிமிஷ வேலைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போச்சு. 2023 மார்ச், லினக்ஸ் மிண்ட் 21ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம், 4 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப். மிண்ட்ல சாஃப்ட்வேர் போடுற ஆப்ட் கமாண்டுல, சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஹ்யூகோன்னு அடிச்சேன், வந்துருச்சு. புது சைட் உருவாக்குனப்ப அதுவா செட்டிங்ஸ் எல்லாம் இருக்குற ஒரு கான்ஃபிக்.டாம்ல் ஃபைல் போட்டுச்சு, நான் சும்மா இருக்காம டாக்குமெண்டேஷன்ல ஹ்யூகோ.டாம்ல்னு இருக்கேன்னு பேரை மாத்துனேன். அவ்ளோதான், கான்ஃபிக் ஃபைலே இல்லைங்குது. கண்ணு முன்னாடி இருக்குய்யா! ஸ்பெல்லிங் பாத்தேன், பெர்மிஷன் பாத்தேன், வேற ஃபோல்டர்ல நிக்கிறேனான்னும் பாத்தாச்சு. கடைசில வெர்ஷன் என்னன்னு கேட்டப்பதான் வெளங்குச்சு, ஆப்ட் குடுத்தது 0.92, அந்தப் புதுப் பேரு 0.110லதான் வந்துச்சாம்.

அதைத் தூக்கிட்டு ஹ்யூகோவோட கிட்ஹப் ரிலீஸ் பக்கத்துல இருந்து டெப் ஃபைல் (மிண்ட்ல இன்ஸ்டால் பண்ற ஃபைல்) எடுத்துப் போட்டேன். எக்ஸ்டெண்டட்னு பேர்ல இருக்குறதை எடுங்க, என் தீம், அதாவது சைட்டோட தோற்றம், சாஸ்ங்கிற ஸ்டைல் மொழியில எழுதுனது, அதுக்கு அது வேணும். கோ மொழியில எழுதி ஒரே பைனரியா, அதாவது அப்படியே ஓடுற ஒரே ஃபைலா, வர்றதால ரூபி, ஜெம், நோடுன்னு பின்னாடியே ஒரு கூட்டம் வராது, இதுக்காகவே நான் ஜெகில்ங்கிற இதே மாதிரி சாஃப்ட்வேர் பக்கம் போகல.

மூணு வருஷத்துல என்னை ரொம்பக் கிறுக்கனாக்குனது தேதிதான். காலைல எட்டு மணிக்கு பதிவு எழுதி, தேதியும் நேரமும் கையால அடிச்சு, பில்ட் பண்ணா, அதாவது சைட்டை உருவாக்குனா, பதிவைக் காணோம். டிராஃப்ட் ஃபால்ஸ்னுதான், அதாவது வெளியிடலாம்னுதான் இருக்கு. மத்தியானம் சாப்ட்டு வந்து அதே ஃபைலை ஒரு எழுத்து மாத்தாம பில்ட் பண்ணேன், வந்து நிக்குது! பேய் வேலையான்னு பாத்தா, நேரத்தோட +05:30 போடலைன்னா அது யுடிசி (நமக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்குற உலகப் பொது நேரம்) கணக்கா எடுத்துக்குது, அப்ப என் காலை எட்டு மணி அதுக்கு நம்ம மத்தியானம் ஒன்றரை, இன்னும் வராத நேரத்துப் பதிவை அது வெளியிடாது. கான்ஃபிக்ல டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தான்னு ஒரு வரி போட்டேன், தீந்துச்சு.

தமிழ்ல எழுதுறவங்க ஸ்லக்கை (யுஆர்எல்ல பதிவுக்கு வர்ற பேரை) ஆங்கில எழுத்துல குடுத்துருங்க. தலைப்புலேர்ந்து யுஆர்எல் வந்தா பிரவுசர்ல அழகாத்தான் தெரியும், காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல ஒட்டுனா சதவீதக் குறியா கொட்டும். தமிழ்ங்கிற ஒரு வார்த்தையே 45 கேரக்டர் ஆகுது.

வேகம் பத்திக் குறையே இல்ல, இருநூத்திச் சொச்சம் பதிவு இந்தப் பழைய மெஷின்லயும் ரெண்டு செகண்டுக்குள்ள முடிஞ்சுருது. எடிட்டர்ல சேவ் பண்ண உடனே என் மெஷின்லயே முன்னோட்டம் காட்டுற லோக்கல்ஹோஸ்ட் 1313ல பக்கம் தானா மாறுறது இன்னும் சுகமாத்தான் இருக்கு.

ஆனா அப்டேட்டு... ஐயோ. 0.128ல ஒரு பக்கத்துல எத்தனை பதிவுன்னு சொல்ற பேஜினேட்ங்கிற செட்டிங்கைப் பழசாக்கி பேஜினேஷனுக்குள்ள பேஜர்சைஸ்னு மாத்துனாங்க. மொதல்ல எச்சரிக்கை வந்துச்சு, நான் கண்டுக்கல, அப்புறம் ஒரு நாள் எரராவே வந்து நின்னுச்சு, என் தீம் எழுதுனவரு எப்பவோ கைவிட்டுட்டாரு, நானே உள்ள போய் ஒவ்வொண்ணா மாத்துனேன். இப்பல்லாம் சைட் ஃபோல்டரோட அது ஓடுற டெப் ஃபைலையும் சேத்து பென்டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன். தேவை இல்லாம வெர்ஷனைத் தொடுறதில்ல.