96 பவுண்டு போச்சு: 'டெசர்ட் ஸ்டவுட்' ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

96 பவுண்டு. ஆறு கேன். திறந்த நாலும் கெட்டது, திறக்காத இரண்டில் ஒன்று வெடிக்கிற நிலையில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. இன்று காலை கடைக்காரர் சாட்டில் என்னை பிளாக் செய்துவிட்டார். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோர்ட் வரை போகும் எண்ணம் இருப்பதால் கடைப் பெயர் இல்லை. ஆள் நடமாடுகிற கடை கிடையாது. அமெரிக்க இறக்குமதி கிராஃப்ட் பீர் மட்டும் விற்கிற, பிரிட்டன் முழுக்கக் கூரியரில் அனுப்புகிற ஓர் ஆன்லைன் கடை. ஒரு வெப்சைட், ஒரு கிடங்கு, அழகான போட்டோக்கள். இப்படி ஏகப்பட்டது இருக்கிறது, எது என்று ஊகிக்க வேண்டாம். எல்லாவற்றிலும் இதே கவனம் தேவை.

சரக்கு என்னவென்று தெரியாதவர்களுக்கு: தலைப்பில் சொன்ன டெசர்ட் ஸ்டவுட்டுக்கு இன்னொரு பெயர் பேஸ்ட்ரி ஸ்டவுட். ஸ்டவுட் என்றால் கருக வறுத்த மால்ட்டில் (முளைகட்டிய பார்லி) காய்ச்சுகிற கறுப்பு பீர், அதில் கனமானது இம்பீரியல். இம்பீரியல் ஸ்டவுட்டை 10 முதல் 14 சதவீத ஆல்கஹாலுக்குக் காய்ச்சி, அதில் வெனிலா, காபி, தேங்காய், மேப்பிள், கோகோ என்று சேர்த்து ஒரு கேக்கையோ புட்டிங்கையோ ஞாபகப்படுத்துகிற பீர். ஸ்வீடனின் ஓம்னிபோலோ என்ற பீர் கம்பெனி 'நோவா பீக்கன் மட் கேக்' என்று ஒன்று போட்டு ஐரோப்பாவில் இந்த வகையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. இனிப்புக்கு ஒரு வழி லாக்டோஸ். பீர் ஈஸ்டுக்கு அந்தப் பால் சர்க்கரையைத் தின்னத் தெரியாது, அப்படியே தங்கிவிடும். இது புதுசும் இல்லை, இங்கிலாந்தின் கென்ட்டில் மெக்கிசன் கம்பெனி 1907-லேயே மில்க் ஸ்டவுட் விற்றது. இன்னொரு வழி, நொதித்தல் முடிந்த பிறகும் அடர்த்தி நிறைய மிஞ்சும்படி மால்ட்டைக் கொட்டுவது. தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், சாதாரண ஸ்டவுட் 1.010 பக்கம் போய் நிற்கும். இது 1.040-ல் நிற்கும், அதற்கு மேலும் நிற்கும். அதாவது லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் நொதிக்காத சரக்கு. நம் ஆட்கள் இலங்கையின் 8.8 சதவீத லயன் ஸ்டவுட் குடித்த பழக்கத்தில் 'இதுவும் அதுதானே' என்று நினைப்பார்கள். லயன் இதற்குப் பக்கத்தில் மெலிந்த பிள்ளை.

ஏமாற்றுக்காரனுக்கு இதைவிட வசதியான சரக்கு கிடையாது. பில்ஸ்னர் மாதிரி வெளிர் பீர் கெட்டால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். இதில் அவ்வளவு இனிப்பு, அவ்வளவு கருகல், அவ்வளவு ஆல்கஹால் மேலே மூடியிருக்கும்போது கெட்டதெல்லாம் 'ஃபிளேவர்' என்று பெயர் வாங்கிவிடும். வெண்ணெய் வாடை அடித்தால் 'பட்டர்ஸ்காட்ச்'. புளித்தால் 'பெர்ரி நோட்'. இதை அந்தக் கடை எப்படிப் பயன்படுத்தியது என்று பின்னால் வருகிறேன்.

நம்பிய இடத்தைச் சொல்லணும், ஏனென்றால் விவரம் தெரிந்தவர்கள்தான் அங்கே விழுவார்கள். ஆர்டர் போடுவதற்கு முன் சாட்டில் ஒரே கேள்வி: 'கேன் அடியில் இருக்கிற தேதியை போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?' நாலே நிமிடத்தில் போட்டோ வந்தது. அடைத்து ஐந்து வாரம். கூடவே, 'நாலு டிகிரி கோல்டு ஸ்டோரில் இருக்கிறது. தேங்காய் போட்ட கேனை முதலில் குடித்துவிடுங்கள், அதன் வாசம் சீக்கிரம் போகும். காபி கேனையும் ரொம்ப நாள் வைக்காதீர்கள்' என்று ஒரு குறிப்பு. முழுக்கச் சரியான அறிவுரை. இதைச் சொல்லத் தெரிந்தவன் சரக்கைக் கெடுக்க மாட்டான் என்றுதான் யாருக்கும் தோன்றும். தொழில் தெரிந்தவன் தொழிலில் நாணயமாக இருப்பான் என்று என்ன கட்டாயம்!

அதற்கடுத்த வரி: 'பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் கூரியர் செலவு இல்லை.' ஒரு கேன் 16, ஆறு கேன் 96. கூரியர் 8 பவுண்டு மிச்சம் என்று கார்டை உள்ளே வைத்தாயிற்று. அந்த 8 பவுண்டுக்குத்தான் 96 பவுண்டு போனது.

பெட்டி வந்தபோது கேன்கள் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தன. அதைக் கூரியர்மேல் போடலாம், சரி. ஆனால் கேன் அடியில்? ஆறிலும் முழுத் தேதி இல்லை. கேன் அடியில் அடிக்கிற இங்க்ஜெட் மை நெயில் பாலிஷ் ரிமூவரில் துடைத்தால் போய்விடும். ஆனால் அடிப்பக்கக் குழிவும் விளிம்பும் சேர்கிற பள்ளத்தில் துணி சரியாகப் போகாது, அங்கே கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும். ஆறிலும் மிஞ்சியிருந்தன. வேர்க்கடலை பட்டர் கேனில் துடைத்தவருக்கு அவசரம் போல, மாதமும் வருஷமும் அப்படியே படிக்க முடிந்தது. பதினெட்டு மாதம் பழசு. போட்டோவில் வந்த கேன் இந்தப் பெட்டியில் எதுவுமே இல்லை, அதில் எழுத்து அடித்திருந்த விதமே வேறு.

இதில் சட்டத்தின் ஓட்டை ஒன்று இருக்கிறது. 10 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானத்துக்கு 'பெஸ்ட் பிஃபோர்' தேதி போடவேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. பேஸ்ட்ரி ஸ்டவுட்டில் பெரும்பாலானது அந்தக் கோட்டைத் தாண்டியது. ஆகவே தேதி இல்லாததை மட்டும் காட்டி சண்டை போட முடியாது. ஆனால் அலர்ஜி விவரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. லாக்டோஸ் இருந்தால் 'பால்' என்று போட்டே ஆகவேண்டும், வேர்க்கடலைக்கும் அப்படியே. இந்தக் கடை ஒட்டிய ஸ்டிக்கர் அமெரிக்க லேபிளின் அந்த வரியையே மூடியிருந்தது, ஸ்டிக்கரில் பால் என்ற சொல்லே இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! வேர்க்கடலை அலர்ஜிக்காரர் கையில் கிடைத்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

சுவைத்துப் பார்த்த விவரம். கேன்களை நிமிர்த்தி இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்து, 12 டிகிரியில். ஃப்ரிட்ஜ் குளிரிலேயே குடித்தால் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. வாய் குவிந்த ட்யூலிப் கிளாஸ், தடவைக்கு 100 மில்லி. ஊற்றியவுடன் ஒருமுறை முகர்வது, ஐந்து நிமிடத்தில் ஒருமுறை, இருபது நிமிடத்தில் ஒருமுறை. சூடு ஏற ஏறப் பழைய வாடை மேலே வரும்.

திராமிசு (காபி போட்ட இத்தாலிய இனிப்பு) கேன்: காபிக்குப் பதில் பச்சைக் குடைமிளகாய். காபி போட்ட பீர் பழசானால் வருகிற அடையாளங்களில் ஒன்று இது. பின்னாலேயே நனைந்த அட்டைப்பெட்டி வாடை, அது ஆக்ஸிஜன் வேலை. வெனிலா சுத்தமாக இல்லை.

தேங்காய் கேன்: சோப்பு, அதற்கடியில் பழைய எண்ணெயின் சிக்கு வாடை. தேங்காய் எண்ணெய்ப்பசையால் இந்த வகையில் நுரை குறைவாக இருப்பது இயல்பு, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சிக்கு வாடை இயல்பு இல்லை.

மேப்பிள் கேனில் மட்டும் கொஞ்சம் நியாயமாக இருக்கணும். மேப்பிள் வாசனைக்கு ஒரு முக்கியக் காரணம் சோடலான் என்ற பொருள், நம் வெந்தயத்தின் வாசனையும் அதுதான். வீட்டில் பீர் காய்ச்சுகிற சிலர் மேப்பிளுக்கு வெந்தயமே போடுவார்கள். பீர் ஆக்ஸிஜன்பட்டு முதிர்ந்தாலும் அதே சோடலான் உண்டாகும். அதனால் வெந்தய வாசனையை வைத்து மட்டும் பழசு என்று தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் கூடவே சோயா சாஸும் மார்மைட்டும் வந்தால்? அது செத்த ஈஸ்ட் கரைந்த வாடை. வந்தது.

வேர்க்கடலை கேன் திறந்ததுமே பொங்கி மேசையெல்லாம் ஓடியது. மிஞ்சியதைக் கிளாஸ் மாற்றி மாற்றி ஊற்றி, வாயு முழுக்கப் போன பிறகு அளந்தேன். வாயு இருந்தால் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரைக் குமிழிகள் தூக்கிவிடும், அளவு பொய்யாகும். அடர்த்தி இறங்கியிருந்தது. பிஹெச் (குறையக் குறையப் புளிப்பு கூடுகிற அளவு) 3.6. இந்த வகை ஸ்டவுட் சுமாராக 4.2-க்கு மேல்தான் நிற்கும். 1.040 பக்கம் நிற்கவேண்டிய பீர் கேனுக்குள் இறங்கியிருக்கிறது என்றால் வேறு ஏதோ கிருமி மிச்சத்தைத் தின்றிருக்கிறது. வாயில் வைத்தால் புளித்த மோரும் வேர்க்கடலையும்.

மார்ஷ்மெல்லோ கேனைத் திறக்கவில்லை, ஆதாரத்துக்கு. ஆறாவது ஸ்டவுட்டே கிடையாது, ராஸ்பெரி சீஸ்கேக் ஸ்மூத்தி சவர் என்ற புளிப்பு பீர். நொதித்தல் முடிந்த பிறகு பழக்கூழைக் கலந்து அடைக்கிற சரக்கு, அந்தப் பழச்சர்க்கரை குளிரில் இருக்கும்வரைதான் சும்மா இருக்கும். சூட்டில் வைத்தால் ஈஸ்ட் எழுந்துகொள்ளும். உள்குழிந்திருக்க வேண்டிய கேன் அடி வெளியே பிதுங்கி, மேசையில் நிற்க வைத்தால் ஆடுகிறது. இப்படி ஒன்று வந்தால் குலுக்காதீர்கள், கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கனமான துண்டில் சுற்றி, வாளிக்குள் போட்டு, அப்படியே ஃப்ரிட்ஜுக்குள்.

காய்ச்சிய கம்பெனிகளைக் குறை சொல்லவில்லை. பத்து டிகிரி சூடு கூடினால் பீர் பழசாகிற வேகம் இரண்டு மூன்று மடங்காகும், ஒன்றரை வருஷம் வெறும் கிடங்கில் கிடந்தால் எதுவும் தாங்காது.

இனி கடைக்காரரின் பதில்கள், வந்த வரிசையில். முதல் நாள்: 'சரியான டெம்பரேச்சரில் குடித்தீர்களா? ரொம்பக் குளிராக இருந்தால் அப்படித்தான் தெரியும்.' 12 டிகிரி என்று எழுதினேன். இரண்டாம் நாள்: 'இது காம்ப்ளெக்ஸ் ஸ்டைல், எல்லோருக்கும் பிடிக்காது. குடைமிளகாய் வாசனை அந்தக் காபிக்கொட்டையின் குணம்.' பிஹெச் எண்ணையும் பொங்கிய வீடியோவையும் அனுப்பினேன். மூன்றாம் நாள்: 'திறந்த கேனைத் திரும்ப எடுக்க மாட்டோம்.' திறக்காமல் கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியுமாம்? துடைத்த தேதியின் போட்டோவை அனுப்பினேன். அதற்கு மட்டும் பதில் வரவே ஒன்றரை நாள்: 'கிடங்கில் ஈரத்தில் அழிந்திருக்கும்.' ஈரத்தில் அழிகிற மையையா குளிர்பதனத்தில் வைக்கிற கேனில் அடிக்கிறார்கள்? கடைசியாக அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதக் கூப்பன். 96 பவுண்டுக்கு 9 பவுண்டு 60 பென்ஸ், அதுவும் இன்னும் வாங்கினால்தான்! வேண்டாம், பணம் கொடுங்கள் என்றதும் பிளாக். வெப்சைட்டில் போட்ட ரிவ்யூவும் காணோம்.

2015-ல் அமெரிக்காவின் கூஸ் ஐலண்ட் கம்பெனியின் போர்பன் கவுன்ட்டி பீர்கள் சிலவற்றில் லாக்டோபேசிலஸ் என்ற புளிக்கவைக்கிற பாக்டீரியா புகுந்து புளித்துப்போனபோது, அந்தக் கம்பெனி வெளிப்படையாகச் சொல்லி வாங்கினவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, அடுத்த வருஷத்திலிருந்து பாஸ்டரைஸ் செய்ய ஆரம்பித்தது. தொழிலில் தப்பு நடக்கும். மை துடைப்பது தப்பு கணக்கில் வராது.

பேங்க்கில் கேட்டால், சரக்கு வந்துவிட்டது, தரம்தான் பிரச்சினை, அது உங்களுக்கும் கடைக்குமான சிவில் தகராறு என்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் மோசடிக்கு 2024 அக்டோபரிலிருந்து பணம் திருப்பித் தருகிற விதி இருக்கிறது, இந்த மாதிரித் தகராறு அதில் வராது. கார்டாக இருந்தால் சார்ஜ்பேக், அதாவது பேங்க் மூலமாகக் கடையிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுப்பது, கேட்டிருக்கலாம். கிரெடிட் கார்டின் செக்‌ஷன் 75-ம் (கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்குகிற சட்டப் பிரிவு) உதவாது, ஒரு பொருள் 100 பவுண்டுக்கு மேல் இருக்கணும், இது கேன் 16. மிஞ்சியது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம்: கெட்ட சரக்கை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணம் கேட்கலாம், திறந்திருந்தாலும். 'பெரிஷபிள், ரிட்டர்ன் கிடையாது' என்று அவர்கள் காட்டுவது மனம் மாறித் திருப்புகிறவர்களுக்கான வேறு விதி, ஏமாறாதீர்கள். வழியில் சூடானது கூரியர் தப்பு என்பதும் செல்லாது, உங்கள் கைக்கு வரும்வரை பொறுப்பு கடைக்காரருடையது. நிராகரிப்புக் கடிதத்தை இமெயிலிலும் ரெக்கார்டட் போஸ்ட்டிலும் அனுப்பியாகிவிட்டது. 14 நாள் கெடு. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு மூலமாக, கடைகளைக் கண்காணிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் புகார் போயிருக்கிறது, முக்கியமாக அந்த அலர்ஜி ஸ்டிக்கர். சின்னத் தொகை வழக்குக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போனால் 96 பவுண்டுக்காக முதலில் 35 பவுண்டு கட்டணும்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாக:

கார்டில் மட்டும் கட்டுங்கள். டிரான்ஸ்ஃபருக்குத் தள்ளுபடி என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

தேதி போட்டோ கேட்டால் கேன் அடியும் பக்கத்தில் உங்கள் ஆர்டர் எண் எழுதின தாளும் ஒரே படத்தில் வரணும். அமெரிக்கத் தேதியில் மாதம் முதலில் வரும், 03/07 என்றால் மார்ச் 7.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ. கேனைக் குப்புறக் கவிழ்த்து அடிப் பள்ளத்தைப் பாருங்கள்.

காபி, தேங்காய், வேர்க்கடலை போட்டது மூன்று மாதம் தாண்டியிருந்தால் விடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

முதலில் ஒரு கேன் வாங்கிப் பாருங்கள். ஆறு வேண்டாம்.

அந்த ராஸ்பெரி கேன் இன்னும் வாளிக்குள்தான் இருக்கிறது. கெடு முடிந்ததும் என்ன ஆனது என்று கீழே எழுதுகிறேன்.