மாடியில் சோலார் போடப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஐந்து கிலோவாட் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஐந்து கிலோவாட் இல்லாத ஒரு சோலார் அமைப்பை எங்கள் மாடியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இதே வேலையை வேறு பெயர்களில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோலார் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மின்சாரம் எடுப்பதை நாம் விட்டே ஆக வேண்டும். 2010இலிருந்து 2019க்குள் சூரிய மின்சாரத்தின் செலவு சுமார் 85 சதவீதம் குறைந்துவிட்டது என்று ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசி கணக்குச் சொல்கிறது. புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தித் திறனை 2030க்குள் உலக அளவில் மூன்று மடங்காக்க வேண்டும் என்று 2023இல் துபாய் மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இவ்வளவு வேகமாக வளரும் தொழிலில் வேலை தெரியாதவர்களும் நேர்மை இல்லாதவர்களும் புகுந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் இப்படி மாட்டிவிட்டுப் போனால் அந்தத் தெருவே ‘சோலார் எல்லாம் வேஸ்ட்’ என்று முடிவு கட்டிவிடும். பணம் போனதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

விற்பனையாளர் வந்தது உச்சி வெயிலில். மாடி முழுக்க வெயில், எங்கும் நிழலே இல்லை. நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், டேப் வைத்து அளந்தார். “ஐந்து கிலோவாட், எட்டு மணி நேரம் வெயில், ஆக ஒரு நாளைக்கு நாற்பது யூனிட். இனி கரண்ட் பில் பற்றிய பேச்சே வேண்டாம் சார்” என்றார். கோட்டேஷனிலும் அந்த நாற்பது யூனிட்டை எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

ஐந்து கிலோவாட்டில் தினமும் சராசரியாக நாற்பது யூனிட் உலகில் எந்த ஊரிலும் வராது. பேனலில் எழுதியிருக்கும் வாட் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழ வேண்டும், பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரியில் நிற்க வேண்டும். அப்போதுதான் அந்த அளவு மின்சாரம் வரும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது அதில் பாதிகூட வராது. நல்ல வெயிலில் செல் 60, 65 டிகிரிக்குப் போகும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். எல்லாம் போக, ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு ஆண்டுச் சராசரியாக இரண்டரை முதல் நாலரை யூனிட் வரைதான் பெரும்பாலான இடங்களில் எதிர்பார்க்கலாம். உங்கள் ஊருக்கு எவ்வளவு என்று பார்க்க உலக வங்கியின் ‘குளோபல் சோலார் அட்லஸ்’ இருக்கிறது. இணையத்தில் இலவசம். வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தொட்டால் எண் வந்துவிடும். விற்பனையாளர் சொல்லும் எண் அதைவிட மிக அதிகம் என்றால் அவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

மாட்டிய பிறகு, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவியான இன்வெர்ட்டரின் மொபைல் செயலியைத் தினமும் பார்த்தேன். காலையில் உற்பத்தியைக் காட்டும் கோடு அழகாக ஏறும். பிற்பகல் மூன்று மணி வாக்கில் படியில் இறங்குவதுபோல் ஒரே வெட்டாக விழும். மாடிக்குப் போய்ப் பார்த்தால், படிக்கட்டு அறைச் சுவரின் நிழல் ஓரத்தில் இருந்த மூன்று பேனல்கள் மேல் விழுந்திருந்தது. பத்து பேனல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக, சீரியலாக இணைத்திருந்தார்கள். சீரியல் இணைப்பில் எல்லாப் பேனல்களிலும் ஒரே அளவு கரண்ட்தான் ஓட முடியும். நிழலில் இருக்கும் பேனல் திணறினால் மற்றவையும் அதோடு சேர்ந்து இழுபடும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு பேனலுக்குப் பின்னாலும் பைபாஸ் டயோடுகள் உண்டு, பெரும்பாலும் மூன்று. அவை நிழல்பட்ட பகுதியைச் சுற்றிக் கரண்டைத் திருப்பிவிடும், ஆனால் அந்தப் பகுதியின் உற்பத்தி போனது போனதுதான். அந்த மூன்று பேனல்களையும் எதிர் ஓரத்தில் வைத்திருக்கலாம், அங்கே இடம் காலியாகவே இருந்தது. இல்லையென்றால் ஒரு பேனலின் நிழல் மற்றவற்றை இழுக்காமல் தடுக்கும் ஆப்டிமைசர் என்ற கருவியைப் பேனலுக்கு ஒன்றாகப் போட்டிருக்கலாம். வருடம் முழுக்க நிழல் எப்படி நகரும் என்று பார்க்க மென்பொருள் இருக்கிறது, உருப்படியான நிறுவனங்கள் அந்த அறிக்கையைக் கோட்டேஷனோடு சேர்த்தே தருகின்றன. குளிர்காலத்தில் சூரியன் தாழப் போகும்போது நிழல் இன்னும் நீளும். உச்சி வெயிலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் கண்ணில் இது எப்படிப் படும்?

அப்புறம் மின்வெட்டு. “கரண்ட் போனாலும் உங்கள் வீட்டில் மட்டும் லைட் எரியும்” என்றார்கள். முதல் மின்வெட்டிலேயே நல்ல வெயிலில் வீடு இருண்டது. கேட்டால் இன்வெர்ட்டர் பழுதாக இருக்கும், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பழுதே இல்லை. பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு, அதாவது ஊர் மின் லைனோடு, இணைந்து ஓடும் சாதாரண இன்வெர்ட்டர், கிரிட் போனதும் தானே நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைப்பார். நம் வீட்டிலிருந்து மின்சாரம் போனால் அவர் உயிர் போய்விடும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. மின்வெட்டிலும் வேண்டும் என்றால் பேட்டரியும், கிரிட்டிலிருந்து வீட்டைத் துண்டித்துத் தனியாக ஓட்டக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் வேண்டும், அதற்குச் செலவு வேறு. இதை விற்பனையின்போதே சொல்லியிருக்க வேண்டியவர்கள் வேண்டுமென்றே மறைத்தார்கள்.

இதுவரை சொன்னது பண நஷ்டம். இனிச் சொல்வது ஆபத்து.

அந்த நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தேன். சோலாரில் பழகியவர். பேனல்களுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தவர், “சார், கையை வைத்துவிடாதீர்கள்” என்றார். இரண்டு பேனல்களை இணைக்கும் கனெக்டர் ஒன்று பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி வயரோடு ஒட்டிப்போயிருந்தது. ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனி. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அழுத்தினால் சேர்ந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் உலோகம் சரியாகப் பொருந்தாது, அந்த இடம் சூடாகிக்கொண்டே இருக்கும். பேனலிலிருந்து வருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டுக்கு லைனில் வரும் ஏசி மின்சாரம் ஒரு நொடியில் பலமுறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் பொறி பிடித்தால் தொடர்ந்து எரியும். இன்வெர்ட்டரை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும், அதனால் தீ பிடித்தால் அணைப்பதும் கஷ்டம். ஒரே தயாரிப்பாளரின் ஒரே ரகக் கனெக்டர்களை மட்டுமே ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அடிப்படை விதி. மிகச் சின்னப் பொருள் அது. அதில் மிச்சம் பிடிக்கப் போய் எங்கள் வீட்டையே பணயம் வைத்திருக்கிறார்கள்.

அப்படியே படுத்தபடி பேனலின் பின்பக்க லேபிளையும் படித்துச் சொன்னார். கோட்டேஷனில் 500 வாட் பேனல் பத்து. லேபிளில் 445 வாட், தயாரிப்பாளரும் வேறு. ஆக மாடியில் இருந்தது 4.45 கிலோவாட். மாட்டிய பிறகு லேபிள் தரையைப் பார்த்துத் திரும்பிவிடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

“25 வருட வாரண்டி இருக்கே சார், ஏன் பதறுகிறீர்கள்?” இதுதான் போனில் கிடைத்த பதில். அந்த 25 வருடம் பேனல் தயாரிப்பாளர் தருவது. வருடா வருடம் பேனல் கொஞ்சம் தேயும், 25 வருடம் கழித்தும் முதலில் இருந்த திறனில் சுமார் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் என்ற உறுதி, அவ்வளவுதான். கூரையில் ஓட்டை போட்டது, வயர் இழுத்தது, கனெக்டர் மாட்டியது எதுவும் அதில் அடங்காது. வேலைக்கான வாரண்டியை மாட்டிய நிறுவனம் தனியாக எழுதித் தர வேண்டும். எங்களுக்குத் தந்த காகிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தயாரிப்பாளருக்குச் சீரியல் எண்களை அனுப்பிக் கேட்டபோது, அவை வேறொருவருக்கு விற்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கின்றன என்று பதில் வந்தது. அந்தப் பதில் இப்போது புகாரோடு இணைப்பாக இருக்கிறது.

கனெக்டர்களை எல்லாம் மாற்றியாகிவிட்டது. மூன்று பேனல்களையும் நிழலில்லாத ஓரத்துக்கு நகர்த்தியாயிற்று. மூன்று மணி வெட்டு போய்விட்டது, கோடு இப்போது மாலைவரை சீராக இறங்குகிறது. 4.45 கிலோவாட்டுக்கு என்ன வர வேண்டுமோ அது வருகிறது. மாட்டியவர்கள் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது.

நீங்கள் போடுவதாக இருந்தால், பேனலின் தயாரிப்பாளர், மாடல், வாட் மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். “அல்லது அதற்கு இணையானது” என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், எங்கள் ஒப்பந்தத்தில் அந்தச் சொற்களைக் காட்டித்தான் இப்போது வாதாடுகிறார்கள். பேனல்கள் வண்டியிலிருந்து இறங்கியதும், மேலே ஏற்றுவதற்கு முன்பே, ஒவ்வொன்றின் பின்பக்க லேபிளையும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற உறுதியும், அது குறைந்தால் என்ன ஈடு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கடைசித் தவணையை மட்டும் எக்காரணத்துக்கும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். நாம் கிரிட்டிலிருந்து எடுப்பதையும் அதற்குக் கொடுப்பதையும் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்டி, எர்த்திங் அளந்து, வேறொரு எலக்ட்ரீஷியன் பேனலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கொடுங்கள். ஏற்கெனவே போட்டிருப்பவர்கள், இந்த வாரமே யாரையாவது வைத்துக் கனெக்டர்களைப் பார்த்துவிடுங்கள்.