பதுளை எல்ல பக்கம் கொட்டேஜ் வாங்க நினைக்கும் வெளிநாட்டு உறவுகளே, எங்கள் 48 லட்சம் போய்விட்டது

நேற்று பின்னேரம் மூன்றரை மணிக்கு, எங்களிடம் காணிக்குக் காசு வாங்கிய நிறுவனத்தின் ஒஃபிஸுக்குப் போனேன். ஷட்டர் இறக்கிக் கிடந்தது. போர்ட் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துவாரங்கள் மட்டும். பக்கத்து ஃபோன் கடைப் பொடியன், "அவங்க போன கிழமையே காலி பண்ணிட்டாங்க டீச்சர்" என்றான். இரவு முழுக்கத் தூக்கமில்லை. எழுத்துப் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

48 லட்சம் ரூபா. என் காசு இல்லை. லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 11 வருடம் நைட் ஷிஃப்ட் செய்த என் அக்காவின் காசு.

எங்கள் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் 40 வருடம் கொழுந்து பறித்தவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தான் படுத்த காம்பராவில் ஒழுகுகிற ஒரு தகரத்தை மாற்றவும் தோட்டத் துரையிடம் போய் நின்றவர். அதனால் அக்காவுக்கு ஒரே ஆசை, பிறந்த மலையில் சொந்தமாக ஒரு துண்டு நிலம், அதில் இரண்டு அறையுடன் ஒரு கொட்டேஜ். லீவுக்கு வந்தால் அம்மாவோடு தங்கலாம். மற்ற மாதங்களில் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம். அந்த வாடகையில் அம்மாவின் மருந்துச் செலவு போகும். இதில் பேராசை எங்கே இருக்கிறது? "காசு கூடிப்போச்சுன்னா இப்படித்தான்" என்று நேற்றே ஒருவர் சொல்லிவிட்டார். அவருக்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சுற்றுலா வீடு கட்டித் தந்து, தாங்களே வாடகைக்கு விட்டு, போட்ட காசுக்கு வருடம் 12 வீதம் கையில் தருவோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு காணி விற்பனை நிறுவனம். பெயரை இங்கே போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். போன சித்திரையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே எங்களோடு பேசிய ஆள் இங்கிலீஷ் பேசி மயக்கவில்லை. நம்ம தோட்டத்துத் தமிழ்தான். எந்தத் தோட்டம் என்று கேட்டார். அம்மா சொன்னதும், "அங்க மேல் டிவிஷன் மாரியம்மன் திருவிழாவுக்கு நான் சின்னதுல வந்திருக்கேன்மா. நானும் லயத்துல பொறந்தவன்தான்" என்றார். தன் கைலேஞ்சியால் நாற்காலியைத் துடைத்து அம்மாவை உட்காரவைத்தார். இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. அம்மா தனக்குச் சீனி வருத்தம் என்று சொல்லி ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். இரண்டாவது தடவை போனபோது, நாங்கள் வாய் திறக்கும் முன்பே அம்மாவுக்கு மட்டும் சீனியில்லாத டீ வந்தது.

நான் விழுந்தது அந்த டீயில்தான்.

சட்டத்தைப் பற்றி நான் கேட்காமல் இல்லை. அக்கா பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. இரட்டைப் பிரஜாவுரிமைக்குப் போடவில்லை. பிறந்த பதுளை மாவட்டத்திலேயே சட்டப்படி அக்கா இப்போது வெளிநாட்டவர். அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "வித்தாத்தான் பிரச்சினை டீச்சர். 99 வருஷ லீஸுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார். அன்றிரவே தேடிப் பார்த்தேன். 99 வருடம் என்பது உண்மையாகவே சட்டத்தில் இருந்தது. ஒன்று உண்மை என்றதும் மற்றதையெல்லாம் நம்பிவிட்டேன்.

அக்கா என் கணக்குக்குக் காசு அனுப்பினார். 15, 15, 18 என்று மூன்று தடவையாகக் கட்டினேன். முத்திரை ஒட்டி, சீல் குத்தி ஓர் 'அக்ரிமென்ட்' தந்தார்கள். காணியைக் காட்டினார்கள். சரிவில் மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே நுனியில் சிவப்புப் பெயின்ட் அடித்த எல்லைக் கட்டைகள். அம்மாவைக் கொண்டே மஞ்சள் தடவிய ஒரு கல்லை வைக்கச் செய்தார்கள். வீடியோ கோலில் அக்கா அழுதது இன்னும் காதில் கேட்கிறது.

இரண்டு மாதமாக ஒரு மூட்டை சீமெந்தும் இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் அங்கே போனேன். வயதான சிங்கள ஐயா ஒருவர் நம் எல்லைக் கட்டைகளைப் பிடுங்கி வேலி ஓரம் அடுக்கிக்கொண்டிருந்தார். யார் என் தோட்டத்தில் இதை அடித்தது என்று என்னையே கேட்டார். வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். அரச இலச்சினை, ஜனாதிபதியின் கையொப்பம். 'ஜயபூமி' உறுதி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அந்த மனிதருக்குக் கொடுத்த நிலம். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. அவர் யாருக்கும் விற்கவும் இல்லை, லீஸுக்குக் கொடுக்கவும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் வந்து, மிளகுக் கொடிகளைப் படம் எடுக்கலாமா என்று கேட்டாராம். அவ்வளவுதான். பாவம், எனக்கும் ஒரு டீ ஊற்றித் தந்துதான் அனுப்பினார்.

அதன்பிறகு தொடங்கியது அலைச்சல். "சேர் மீட்டிங்ல இருக்கார்." "போயா முடிஞ்சு வாங்க." "சர்வேயர் பிளான்ல சின்னப் பிழை டீச்சர், பக்கத்துக் காணிதான் உங்களோடது." "காசு போட்டாச்சு, திங்கட்கிழமை வரும்." எத்தனை திங்கட்கிழமை! முழுத் தொகைக்கும் செக் தந்தார்கள். கணக்கு மூடப்பட்டது என்று திரும்பி வந்தது. ஒருநாள் அம்மாவே அந்த ஆளிடம் ஃபோனில் பேசினார். "தம்பி, அந்தப் புள்ள ராத்திரி முழிச்சுச் சம்பாதிச்ச காசுப்பா." அவர் பதில் சொல்லாமல் கட் பண்ணினார். பிறகு எங்கள் மூன்று நம்பரையும் பிளொக் செய்துவிட்டார். பொலிஸில் என்ன சொன்னார்கள்? இது சிவில் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

பதுளையில் ஒரு பெண் நொத்தாரிஸிடம், அதாவது காணி உறுதி எழுதும் வக்கீலிடம், காகிதங்களைக் காட்டினேன். அரை மணித்தியாலத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. காசு கட்டும் முன் அந்த அரை மணித்தியாலத்தை நான் செலவழிக்கவில்லை. காணி விற்பனையோ, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட லீஸோ, நொத்தாரிஸ் முன்னால் இரண்டு சாட்சியோடு எழுதினால்தான் செல்லும். 1840 முதல் இருக்கிற சட்டம் இது. எங்கள் 'அக்ரிமென்ட்' வெறும் தாள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை விற்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. அதைச் செய்திருந்தாலே அக்கா நேராகத் தன் பெயரில் வாங்கியிருக்கலாம். வெளிநாட்டுப் பிரஜை மாடிக் குடியிருப்பு வாங்குவதென்றால் முழுக்காசும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். காசு வரவேண்டிய வழி பேங்கில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு. தங்கச்சியின் சேமிப்புக் கணக்கு இல்லை. பிற்காலத்தில் விற்றால் அந்தக் காசை வெளியே கொண்டுபோகவும் அந்தக் கணக்குதான் வழி. இதை ஒருவராவது எங்களுக்குச் சொன்னார்களா?

இன்னொன்றும் வயிற்றைப் பிசைகிறது. அந்தச் சரிவில் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி கேட்கப்படவே இல்லை. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மாவட்டம் இது. அங்கே வீடு எழும்பியிருந்தால் அம்மா அதில்தான் படுத்திருப்பார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். காணி யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ட்ராக்ட்டைக் காணிப் பதிவகத்தில் எடுக்காமல் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். விற்கிறவர் காட்டும் நொத்தாரிஸிடம் போகாமல் நீங்களே ஒருவரைத் தேடுங்கள். காணிக்குத் தனியாகப் போய்ப் பக்கத்து வீட்டில் கேளுங்கள், கிராம சேவகரிடம் கேளுங்கள். வாடகைக்கு உத்தரவாதம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்களைப் போலவே அந்தச் சரிவுக்குக் காசு கட்டின இன்னும் இரண்டு குடும்பங்களை நேற்று இரவு கண்டுபிடித்தேன். ஒன்று பசறை, மற்றது கனடாவில் இருக்கிறது. வேறு யாராவது இருந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறோம். 48 லட்சம் போனதை அம்மாவுக்கு இன்னும் முழுசாகச் சொல்லவில்லை, தெரிந்தவர்கள் தயவுசெய்து வீட்டு நம்பருக்கு எடுக்காதீர்கள்.