189 வெள்ளி சோனாரும் செம்பனை மட்டையும்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ஈயக்குட்டைகளில் (ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கியவை) ஞாயிறுதோறும் தூண்டில் போடுகிறவன் நான். (ஊர்ப்பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் வருவது பழைய பெயர்தான்.) போன மாதம் இணையத்தில் 189 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மீன் தேடும் சோனார் ஒன்று வாங்கினேன்.

டென்னிஸ் பந்தளவு உருண்டை. தூண்டில் நரம்பில் கட்டி வீசினால், தண்ணீர் பட்டதும் தானே விழித்துக்கொண்டு கைப்பேசிக்கு வைஃபையில் படம் அனுப்பும். காதுக்கு எட்டாத ஒலியைக் கீழே விட்டு, எதிரொலி எப்போது திரும்புகிறது என்று கணக்குப் பார்க்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 6 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர வினாடியில் 125இல் ஒரு பங்குதான் ஆகும். நம்பாமல் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். கயிறு 6.1, திரை 6.0.

தரையையும் நன்றாகக் காட்டுகிறது. ஈயம் எடுத்த காலத்தில் கொட்டிய மணல் கிடக்கும் பக்கம் கோடு தடித்து வரும். சேற்றுப் பக்கம் மங்கும். இரண்டடிக்குக் குறைந்த தண்ணீரில் மட்டும் சுத்தக் குருடு. விட்ட ஒலியின் அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிடுகிறதே!

மீன் விஷயத்தில்தான் ஏமாந்தேன். எதிரொலியைப் பலமாகத் திருப்புவது மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை. ஆனால் இந்த உருண்டை எதில் மோதினாலும் மீன் படம் போட்டுவிடுகிறது. அன்றைக்கு வரிசையாக மூன்று பெரிய மீன். ஆசையாக வீசினேன், முள் மாட்டியது, இழுத்தேன். முழுகிக் கிடந்த செம்பனை மட்டை! கூட வந்த மாமா சிரித்துவிட்டு, "தோமான் மீன் மூச்சு வாங்க மேல வரும்டா, தண்ணியப் பாரு, போனப் பாக்காத" என்றார்.

வைஃபையும் சுமார்தான். பெட்டியில் 60 மீட்டர் என்று போட்டிருக்கிறது. 35 தாண்டினால் படம் உறைகிறது. பந்து அலையில் அமுங்கினாலும் அப்படியே. ரேடியோ அலை தண்ணீருக்குள் தாங்காது. காணாமல் போன எம்எச்370 விமானத்தைத் தேடியபோதும் இந்தியப் பெருங்கடலின் அடியில் 120,000 சதுர கிலோமீட்டரை ஒலியால்தானே அலசினார்கள்.

ஆழமும் தரையும் தெரிந்தால் போதும் என்பவர்கள் வாங்கலாம். இப்போது சனிக்கிழமை இரவானால் மாமாவே கூப்பிட்டு, "அந்தப் பந்த மறக்காம எடுத்துக்கிட்டு வா" என்கிறார். ஆழம் பார்க்க மட்டும்தானாம். மீனை அவர் பார்த்துக்கொள்வாராம்.